பீட், கில்டாஸ்: முதலில் யாரைப் படிப்பது?

ரோமானியர் போன பிறகான பிரிட்டனை அறிய விரும்புவோர் இந்த இரு துறவிகளிடையே தடுமாறுகிறார்கள்.

காலம்: கில்டாஸ் 6ஆம் நூற்றாண்டு, நிகழ்வுகளுக்கு அருகில் இருந்தவர். பீட் தம் திருச்சபை வரலாற்றை ஜாரோ மடத்தில் 731இல் முடித்தார்.

நம்பகம்: கில்டாஸிடம் ஆண்டுக் குறிப்பைத் தேடி அலுத்துவிடும். பீட், யாரிடம் கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறார். கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டு எண்ணும் முறை பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

அரசியல்: கில்டாஸ் ஐந்து மன்னர்களை வெளுத்து வாங்குகிறார். பீட், வட இங்கிலாந்தின் நார்தம்பிரிய அரசை ஆண்ட மன்னர் கியோல்வுல்ஃபுக்கு நூலைக் காணிக்கையாக்கியவர். குரல் தணிந்தே ஒலிக்கிறது. ஆனால் பல அரசுகளாகச் சிதறிக் கிடந்தவர்களை 'ஆங்கிலேயர்' என்று ஒரே மக்களாக எழுதி, பிற்கால ஒற்றை அரசுக்குக் கருத்தடித்தளம் தந்தது இந்தத் தணிந்த குரல்தான்.

சமயம்: இருவரும் நடுநிலையாளர் அல்லர். 664இல் விட்பியில் கூடிய திருச்சபை மன்றத்தில், ஈஸ்டர் நாளைக் கணிப்பது பற்றிய வழக்கில் ரோமின் பக்கம் வென்றது பீடுக்கு உவப்பு. செஸ்டர் போரில், ஆங்கிலேயருக்கு முன்பே அங்கு வாழ்ந்த பிரிட்டானியரின் துறவிகள் வெட்டப்பட்டதைக்கூட இறைத்தண்டனை என்கிறார். இந்த இடம் உறுத்துகிறது.

வரிசையான வரலாறு வேண்டுவோர் பீடை எடுக்கலாம். ஆங்கிலேயரிடம் தோற்ற பிரிட்டானியர் தரப்பின் கொதிப்பைக் கேட்க நினைப்பவருக்குக் கில்டாஸ், நூலும் சிறியது.