ஊசியா, கஷாயமா?

சீன மருத்துவரிடம் முதல்முறை போனால் நாக்கை நீட்டச் சொல்வார், இரு கைகளிலும் நாடி பார்ப்பார். அதற்கப்புறம்தான் அக்குபஞ்சரா, மூலிகையா என்று பாதை பிரிகிறது.

அக்குபஞ்சர் ஊசி கால் மில்லிமீட்டர் தடிமன்தான். மருந்து ஏற்றும் ஊசிபோல நடுவே துளை கிடையாது. லேசாகச் சுருக்கென்று இருக்கும், பிறகு மந்தமான கனம் தெரியும். 15 முதல் 30 நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். நாள்பட்ட முதுகுவலி, மூட்டுவலி, கீமோதெரபி குமட்டல் ஆகியவற்றில் பலன் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. குமட்டலுக்கான புள்ளி, உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே. ஆய்வில் ஒப்பீட்டுக்காகப் பெயருக்குக் குத்தும் போலி ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறிதுதான், அதையும் மறைக்க வேண்டாம். ஊசியின் உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கிறார்களா என்று பாருங்கள்.

மூலிகை என்றால் பல சரக்குகள் சேர்ந்த கசப்பான கஷாயம், பெரும்பாலும் தினமும். மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் இந்த மரபிலிருந்து வந்ததுதான். 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. சரி, ஆனால் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள செடிகள் பலரின் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கின்றன. டாங் குவாய் வேரை, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மருந்தோடு சாப்பிட்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

ஏற்கெனவே வேறு மாத்திரைகள் சாப்பிடுபவர் என்றால் என் ஓட்டு ஊசிக்கே. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் ஊசிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.