வேலைக்குக் கழித்தலா, கூட்டலா?

வாயுவின் அக ஆற்றல் (அதற்குள் இருக்கும் ஆற்றல்) எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்லும் வெப்ப இயக்கவியலின் முதல் விதிக்கு இயற்பியல் புத்தகங்கள் பெரும்பாலும் ‘வெப்பம் − வேலை’ என்கின்றன. வேதியியல் புத்தகங்கள் ‘வெப்பம் + வேலை’ என்கின்றன. சரி, எதை எடுப்பது?

கழித்தல்: வேலை என்றால் வாயு செய்தது.
கூட்டல்: வேலை என்றால் வாயுவின் மீது செய்யப்பட்டது.

பிஸ்டனுக்குள் இருக்கும் வாயு 500 ஜூல் வெப்பத்தை வாங்கி, விரிந்து, பிஸ்டனைத் தள்ளுவதில் 200 ஜூல் செலவழிக்கிறது.

கழித்தல்: 500 − 200.
கூட்டல்: 500 + (−200).

இரண்டிலும் அக ஆற்றல் 300 ஜூல்தான் கூடுகிறது.

நினைவில் நிற்பது கூட்டல்தான். உள்ளே வருவதெல்லாம் நேர்க்குறி, வெளியே போவதெல்லாம் எதிர்க்குறி. வேதிவினைக் கணக்குகளுக்கு அதுவே போதும். வெப்ப எந்திரம் என்றால் கழித்தல் வசதி: கிடைக்கும் வேலை நேர்க்குறியோடு வரும். அப்புறம், ஒரே கணக்கில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள். பாதி மதிப்பெண் அங்கேதான் போகிறது.