ஐந்தாம் சுற்றில் ஆந்தனி ரிச்சர்ட்சன்: ஒரு கட்டண ட்ராஃப்ட் கையேட்டைப் பயன்படுத்திய அனுபவம்

ஃபேன்டஸி ஃபுட்பால் என்பது அமெரிக்க ஃபுட்பாலின் நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் விளையாட்டு; அந்த வீரர்களைச் சுற்றுக்கு ஒருவராக ஆளாளுக்கு முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதே ட்ராஃப்ட். 2024 ஆகஸ்ட் இறுதியில், நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் எங்கள் ஃபேன்டஸி ஃபுட்பால் லீகின் ட்ராஃப்டுக்கு மூன்று நாள் முன்பாக, இணையத்தில் விற்கப்படும் ட்ராஃப்ட் கையேடு ஒன்றை 30 டாலர் கொடுத்து வாங்கினேன். வீரர்களின் தரவரிசை, அச்சிட்டுக்கொள்ள இரண்டு பக்கச் சுருக்கத் தாள், மாதிரி ட்ராஃப்ட் ஆடிப் பார்க்கும் கருவி, சீசன் முடியும்வரை வாராவாரம் வரும் மின்னஞ்சல் ஆகியவை அந்தத் தொகையில் அடக்கம். சீசன் முழுவதும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுருக்கத் தாள் அருமையானது. ஏறத்தாழ ஒரே தரத்திலுள்ள வீரர்களை ஓர் அடுக்காகப் பிரித்து, அடுக்குகளுக்கு நடுவே கோடு போட்டிருந்ததால், ஒரு தேர்வுக்கு 90 விநாடி மட்டுமே தரப்படும் பரபரப்பிலும் எங்கே இருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. காயச் செய்திகளும் உடனுக்குடன் வந்தன.

குறை, பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் பற்றிய பகுதியில் இருந்தது. இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியின் ஆந்தனி ரிச்சர்ட்சனைக் கையேடு குவார்ட்டர்பேக்குகளில் நான்காமிடத்தில் வைத்து, ஐந்தாம் சுற்றுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று அறிவுறுத்தியது. அதற்கான காரணம் வெறும் ஆரவாரமன்று. எங்கள் லீகில் பந்தை எறிந்து கடக்கும் 25 கெஜத்துக்கு ஒரு புள்ளி, ஓடிக் கடக்கும் 10 கெஜத்துக்கே ஒரு புள்ளி. எறிந்து பெறும் டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் இறுதி எல்லைப் பகுதிக்குள் கொண்டு சேர்ப்பது) நான்கு, ஓடிப் பெறும் டச்டவுனுக்கு ஆறு. ஆகவே நன்றாக ஓடத் தெரிந்த குவார்ட்டர்பேக், சுமாராக எறிந்தாலும் புள்ளிகளைக் குவிப்பார். இந்தக் கணக்கைக் கையேடு தெளிவாகவே விளக்கியிருந்தது.

ஆனால் அந்தக் கணக்குக்கு ஆதாரமாக வைத்த தரவைத்தான் நான் அப்போதே கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2023 ட்ராஃப்டில் நான்காவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரிச்சர்ட்சன், அதற்கு முன் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்காக 13 ஆட்டங்களில் மட்டுமே தொடக்க வீரராக இறங்கியவர். முதல் சீசனில் ஆடிய நான்கு ஆட்டங்களில் மூன்றிலிருந்து காயத்தோடு, ஆட்டம் முடியும் முன்பே வெளியேறினார். நான்காவதில் பட்ட தோள் காயம் அறுவைச் சிகிச்சையில் முடிந்தது. மொத்தம் எறிந்தது 84 முறை. ஓடியது 25 முறை, அதில் நான்கு டச்டவுன்கள். ஆறு ஓட்டத்துக்கு ஒரு டச்டவுன் என்ற வேகத்தில் எவரும் சீசன் முழுவதும் போக முடியாது. கையேடோ அந்த வேகத்தை 17 ஆட்டங்களுக்கு நீட்டி ஓர் எண்ணைத் தந்திருந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் இது உலை கொதிக்கும் முன்னரே எடுத்துப் பார்த்த சோறு.

இதைவிட என்னை ஏமாற்றியது மாதிரி ட்ராஃப்ட் கருவி. மூன்று நாட்களில் பதினோரு முறை ஆடிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஐந்தாம் சுற்று முடிவதற்குள் ரிச்சர்ட்சனை வேறு யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ‘யாரோ’ அனைவரும் அதே கையேட்டின் தரவரிசையைப் பார்த்துத் தேர்வு செய்யும் கணினி ஆட்டக்காரர்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. விட்டால் கிடைக்கமாட்டார் என்ற பயம் பிடித்து, உண்மையான ட்ராஃப்டில் ஐந்தாம் சுற்றில் அவரை எடுத்தேன். அன்றிரவு நண்பர்களிடம் விசாரித்தபோது, ஏழாம் சுற்றுக்கு முன் அவரைத் தொடும் எண்ணம் ஒருவருக்கும் இருந்திருக்கவில்லை. எனக்கு அடுத்துத் தேர்ந்தவர் வாஷிங்டன் அணியில் எறியும் பந்தைப் பிடிக்கும் வீரரான (ரிசீவர்) டெர்ரி மெக்லாரினை எடுத்துக்கொண்டார்.

முதல் வாரம் நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். ஹூஸ்டன் அணிக்கு எதிராக ரிச்சர்ட்சன் 19 எறிதல்களில் ஒன்பதை மட்டுமே சக வீரர்களிடம் சேர்த்தும், 212 கெஜமும் எறிந்து இரண்டு, ஓடி ஒன்று என மூன்று டச்டவுன்களும் பெற்றார். எங்கள் கணக்கில் 26 புள்ளிகள். பிறகு இடுப்புக் காயம், தவறிய எறிதல்கள், எட்டாம் வாரத்தில் அதே ஹூஸ்டனுக்கு எதிராக 32 எறிதல்களில் சேர்ந்தவை பத்தே. அந்த ஆட்டத்தின் நடுவே களைப்பாக இருக்கிறது என்று அவரே ஒரே ஒரு நகர்வுக்கு வெளியே போனதும், அடுத்த இரு வாரங்கள் மாற்றுக் குவார்ட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோவுக்கு இடம் போனதும் ஊரறிந்த கதை. வாராந்தர மின்னஞ்சல் “விடுவித்துவிடலாம்” என்றது, விடுவித்தேன். பதினோராம் வாரம் அவர் திரும்பி வந்து ஜெட்ஸ் அணிக்கு எதிராக 30 புள்ளிகள் எடுத்தார், வேறொருவரின் அணிக்காக. சீசன் முடிவில் அவரது எறிதல் சேர்ந்த விகிதம் 47.7.

புதியவரை எடுத்ததே பிழை என்று நான் சொல்லவரவில்லை. 2017இல் ஒரே ஓர் ஆட்டத்தில் தொடக்க வீரராக இறங்கிய குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் அடுத்த ஆண்டு 50 டச்டவுன் எறிந்தார். இன்னொரு குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் 2019இல் 1,206 கெஜம் ஓடினார். அவர்களை வைத்திருந்தவர்கள் கொண்டாடியதற்குக் காரணம், பெரும்பாலான லீகுகளில் பாதிச் சுற்றுகள் கடந்த பிறகே அவர்கள் கிடைத்தார்கள் என்பதுதான். 2024இலும் அப்படி ஒருவர் இருந்தார். எங்கள் லீகில் ஒன்பதாம் சுற்றில் போன வாஷிங்டனின் ஜெய்டன் டேனியல்ஸ் அறிமுக சீசனிலேயே 3,568 கெஜம் எறிந்து, 891 கெஜம் ஓடினார். அவர் சொதப்பியிருந்தாலும் ஒன்பதாம் சுற்றில் எடுத்தவருக்குப் பெரிய நட்டமில்லை. நான் விட்ட மெக்லாரின் அந்த சீசனில் பிடித்த 13 டச்டவுன்களும் ஏறத்தாழ இதே டேனியல்ஸின் கையிலிருந்து வந்தவை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பன்னிரண்டு பேர் ஆடும் லீகில் வாரத்துக்குப் பன்னிரண்டு குவார்ட்டர்பேக் போதும். களத்திலோ 32 அணிகள். நல்ல ரிசீவருக்கு அந்த உபரி கிடையாது. ஐந்தாம் சுற்றில் நான் எதை இழக்கிறேன் என்பதைக் கையேட்டின் எந்தப் பக்கமும் சொல்லவில்லை.

இதைக் கையேட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு நாளில் பணிவான பதில் வந்தது: தரவரிசை என்பது வாய்ப்பின் உச்சத்தைக் காட்டுவது, உத்தரவாதமன்று. சரி, அப்படியானால் உச்சத்துக்கு ஒரு பத்தியும் அடித்தளத்துக்கு ஒரு பத்தியும் தாளில் தனித்தனியே அச்சிட்டிருக்கலாமே என்று திரும்ப எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

ஐந்துக்கு இரண்டரை தருவேன், அதில் இரண்டு சுருக்கத் தாளுக்கு. முதன்முறை ஆடுபவர்கள் வாங்கலாம்; மாதிரி ட்ராஃப்டை மட்டும், நீங்கள் ஆடப்போகும் செயலியிலேயே இலவசமாகக் கிடைக்கும் அறைகளில், மனிதர்களோடு ஆடிப் பாருங்கள். சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை.