சுவர் நுரைத்த கதை: எக்ஸ்டீரியர் எமல்ஷன், மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

கூடலூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் சகலை போன வாரம் போனில் கேட்டார்: "உங்க வீட்டுக்கு அடிச்ச பெயிண்டையே நானும் வாங்கிடட்டுங்களா?" சட்டென்று ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கம்பெனிப் பெயர் வேண்டாம். பெரிய கம்பெனி, விலை கூடின ரகம், செங்கல் சிவப்பு. அவ்வளவு போதும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபரில் அடித்தது. கோத்தகிரியின் வடகிழக்குப் பருவமழை மூன்றைப் பார்த்தாகிவிட்டது; எங்கும் உரியவில்லை, வடக்குச் சுவரில்கூடப் பாசி ஏறவில்லை. பக்கத்து வீட்டில் அதே சமயம் அடித்த மலிவு ரகத்தைத் தடவினால் உள்ளங்கையில் மாவு ஒட்டுகிறது.

ஆனால் அடித்த நாலாம் நாள் காலையை என்னால் மறக்க முடியவில்லை. ராத்திரி முழுக்க மிஸ்ட். விடிந்து பார்த்தால் சன்ஷேடுக்குக் கீழே, பழுப்பாக, காய்ந்த டீக்கறை மாதிரி நீளநீளமாக வழிந்திருந்தது. விரல் வைத்தேன், பிசுபிசுப்பு. ஈரத் துணியால் துடைத்தபோது வழவழவென்று நுரை வந்தது, பாத்திரம் தேய்ப்பது போல. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த பெயிண்டர் பார்த்துவிட்டு, "பெயிண்டு அழுவுதுங்க சார், அழுது முடிச்சா சரியாப் போயிரும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கடைக்காரரிடம் வாரண்டி சீட்டை நீட்டினேன். "இது வாரண்டியில வராது" என்றார்.

பெயிண்டர் சொன்னதுதான் சரி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் பாலிமர் உருண்டைகள். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் சில நூறு உருண்டைகளை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சின்னது. அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் டப்பாவுக்குள் இருக்க, ஒவ்வொன்றின் மேலும் சோப்பு போன்ற ஒரு பொருள் பூசியிருக்கும். சர்ஃபேக்டன்ட் என்கிறார்கள். சுவரில் தண்ணீர் ஆவியானதும் உருண்டைகள் நெருங்கி, நசுங்கி, ஒன்றாகப் படலமாகின்றன. சோப்புக்கு அத்தோடு வேலை முடிந்தது, ஆனால் அது எங்கே போகும்? கொஞ்சம் பாலிமருக்குள் கரைகிறது, கொஞ்சம் உருண்டைகளின் சந்துகளில் சிக்கிக்கொள்கிறது, கொஞ்சம் சுவர்ப் பக்கம் ஒதுங்குகிறது, மீதி மேலே வந்து காற்றைப் பார்க்கிறது. நல்ல வெயிலில் உருண்டைகள் சீக்கிரம் இணைந்து சந்துகள் அடைபடும். குளிரில் அது மெதுவாக நடக்கும். அதற்குள் பனி இறங்கி ஈரம் நின்றால், அந்த ஈரம் சந்து வழியாக உள்ளே போய்ச் சோப்பைக் கரைத்து வெளியே இழுத்து வந்துவிடுகிறது. அடர் நிறத்துக்கு ஊற்றுகிற டின்டிங் பேஸ்ட்டிலும் தண்ணீரில் கரையும் கிளைகால் என்ற திரவமும் சர்ஃபேக்டன்ட்டும் உண்டு, ஆகவே செங்கல் சிவப்பு வெள்ளையைவிட அதிகம் அழும். சோப்பை பாலிமர்ச் சங்கிலியோடேயே வேதிப்பிணைப்பாகக் கோத்து, நகரவிடாமல் செய்யும் ரகமும் இருக்கிறதாம். என் டப்பாவில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

என் தப்பும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அக்டோபரில் அடிக்கச் சொன்னது நான். சாரத்துக்கு இன்னொரு நாள் வாடகை தரவேண்டாம் என்று சாயங்காலம் ஐந்து மணி வரை கடைசி கோட் அடிக்க வைத்ததும் நான்தான். மிஸ்ட் அப்போதே ஏற ஆரம்பித்திருந்தது.

மழை நேராக அடிக்கிற சுவர்கள் அந்த மாதமே தானாகக் கழுவப்பட்டு சுத்தமாகிவிட்டன. கறை நின்றதெல்லாம் மழை படாத இடத்தில், சன்ஷேடு ஓரம், போர்டிகோவுக்கு உள்பக்கம். வெறும் தண்ணீரும் ஸ்பாஞ்சும் போதும், மூன்று முறை கழுவினேன், ஒவ்வொரு தடவையும் நுரை குறைந்தது. வாசல் நிலைக்கு மேலே, கை எட்டாத உயரத்தில் ஒரே ஒரு கோடு மட்டும் விட்டுப்போயிற்று. அப்புறம் கழுவலாம் என்று தள்ளிப்போட்டேன். இப்போது தேய்த்தாலும் போகவில்லை, அங்கே மட்டும் பளபளப்பாகத் தடம் விழுந்துவிட்டது. தினமும் காலையில் பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். மற்ற எல்லாச் சுவரும் புதுசு போல இருந்து என்ன பிரயோஜனம்?

எனவே சகலையிடம், "வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். வாங்கியே ஆகவேண்டும் என்றால் வெள்ளை, அதுவும் பிப்ரவரியில், மதியம் இரண்டு மணியோடு பிரஷைக் கீழே வைக்கச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கொழுந்தியா ஏற்கனவே கரும்பச்சைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாளாம்.

"சரி, அப்ப ஒரு நல்ல ஏணி வாங்கி வையுங்க" என்றேன்.