10 எம்எம் சாக்கெட் எங்கே போனது?

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் எங்கள் பட்டறை ஒரே அறைதான், ஆள் ஆறு பேர். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது யாராவது கேட்பார்கள்: "அண்ணே, 10 எங்கே?" சாக்கெட் என்றால் போல்ட்டின் தலையில் கவிழ்த்து மாட்டித் திருகும் இரும்புக் குப்பி. எம்6, அதாவது 6 மி.மீ. போல்ட்டின் தலை 10 மி.மீ. மெஷின் கவரில் இருந்து மோட்டார் பிராக்கெட் வரை கை வைக்கிற இடமெல்லாம் எம்6 என்பதால் அந்த சாக்கெட்தான் ஓயாமல் வெளியே வரும், அதேதான் தொலையவும் தொலையும். பக்கத்தில் இருக்கும் 11 எம்எம் வாங்கிய நாளில் இருந்து அசையவில்லை.

முன்பெல்லாம் தொலைந்தால் சுங்கை ரோடு சந்தையில் பழைய சாக்கெட்டை உதிரியாகப் பொறுக்கி வரலாம். 2017 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். அதன் பிறகுதான் தொலையாமல் வைப்பது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தோம். நாலைந்து வழி பார்த்தாகிவிட்டது. நான் எல்லாவற்றையும் ஒரே கேள்வியால்தான் எடை போடுகிறேன்: சாமான் காணோம் என்பது எப்போது தெரிகிறது? அன்று சாயங்காலமே தெரிந்தால் மெஷினுக்கு அடியில் கிடைக்கும். மூன்று நாள் கழித்துத் தெரிந்தால் குப்பையோடு போயிருக்கும்.

காந்தப் பட்டையில் ஆரம்பித்தோம். விலை குறைவு, ஐந்து நிமிஷ வேலை. ஆனால் லேத் (கடைசல் மெஷின்) பக்கத்தில் மாட்டினால் ஒரே வாரத்தில் இரும்புச் சீவல் மீசை முளைத்துவிடும். பித்தளைப் பஞ்ச் ஒட்டாது, அலுமினியம் ஒட்டாது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எதற்கும் தனி இடம் கிடையாது என்பதுதான் பெரிய குறை. பட்டையில் பத்து சாமான் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருந்தால் யார் கண்ணிலும் படாது. இப்போது சக் கீக்கு, அதாவது லேத்தின் பிடியான சக்கை முறுக்கும் சாவிக்கு, மட்டும் ஒரு துண்டு வைத்திருக்கிறோம். சக் கீயை சக்கிலேயே விட்டு மெஷினைப் போட்டால் என்ன பறக்கும் என்று லேத் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது துளைப் பலகையில் ஒவ்வொரு சாமானின் உருவத்தையும் வரைந்து மாட்டுவது. ஸ்பேனர், குறடு, சுத்தியலுக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. அறையின் அந்தக் கோடியில் நின்று பார்த்தாலே வெறும் கோடு மட்டும் இருக்கும் இடம் தெரியும். ஆனால் 1.5 எம்எம் ஆலன் கீயின் (எல் வடிவ அறுகோணச் சாவி) உருவத்தை வரைந்து என்ன புண்ணியம்? நாலு அடி தள்ளி நின்றால் கோடே தெரியாது. அவசரத்தில் இழுத்தால் கொக்கியும் கூடவே வந்துவிடும். இன்னொன்று: மரத்தூள் பலகை வாங்காதீர்கள். இந்த ஊர் ஈரத்துக்கு, மழைச்சாரல் அடிக்கும் ஜன்னல் ஓரத்தில், எங்களுடையது அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. தகரப் பலகைதான் நிற்கும்.

சின்னச் சாமானுக்கு ஸ்பாஞ்ச் டிராயர். மேலே கறுப்பு, அடியில் மஞ்சள் என்று இரண்டு அடுக்கு. கறுப்பை மட்டும் சாமானின் அளவுக்கு வெட்டி எடுத்தால், எடுத்த இடம் பளிச்சென்று மஞ்சளாகத் தெரியும். விமானப் பராமரிப்பிலும் இதே முறைதான். வேலை முடிந்து டூல் கணக்கு சரியாகாமல் விமானத்தை விடமாட்டார்கள். முதல் டிராயரை நானே வெட்டினேன். அளவு பிசகக் கூடாது என்று வெட்டியதில் சாக்கெட் கச்சிதமாக உட்கார்ந்தது, எடுக்கத்தான் முடியவில்லை. ஒவ்வொன்றையும் ஸ்குரூட்ரைவரால் நெம்ப வேண்டியிருந்தது. இரண்டாவது டிராயரில் ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் கட்டைவிரல் நுழைய ஒரு அரைவட்டம், சாக்கெட்டில் பாதி மேலே நிற்கும்படி ஆழம். எண்ணெய் குடிக்காத, நெருக்கமான ஸ்பாஞ்சாகப் பாருங்கள். மெத்தை ஸ்பாஞ்ச் ஒரு மாதம் தாங்காது. குறை இல்லாமல் இல்லை. புது சாமான் வாங்கினால் குழிக்கு இடமிருக்காது. மூடிய டிராயருக்குள் மஞ்சள் யாருக்கும் தெரியாது. அதனால் சாயங்காலம் விளக்கை அணைப்பவர் எல்லா டிராயரையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

யார் எடுத்தார் என்று பலகையும் சொல்லாது, ஸ்பாஞ்சும் சொல்லாது. அதற்குப் பித்தளை வில்லை: ஆளுக்கு ஒரு நம்பர், எடுத்த இடத்தில் உங்கள் வில்லையை மாட்ட வேண்டும். எங்களிடம் தமிழ், வங்காளம், சீனம் மூன்றும் புழங்குகின்றன. நம்பருக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஆனால் ஒரு ஆலன் கீக்காக வில்லை மாட்டச் சொன்னால் எவரும் மாட்டமாட்டார், நானும்தான். முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சுக்கும் நுண் அளவு பார்க்கும் மைக்ரோமீட்டருக்கும் மட்டும் வைத்திருக்கிறோம்.

சாமான் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் ஏர்டேக் போடலாமே என்று புதிதாக வந்த தம்பி கேட்டார். 2021இல் வந்த அந்த வில்லையின் விட்டம் 31.9 மி.மீ. சாக்கெட்டே அதைவிடச் சின்னது. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம். லோரியில் வெளியே போகும் பைக்கு என்றால் சரி. துவாஸில் ஒரு வேலையிடத்தில் விட்டுவந்த பையை அதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். துணிப்பையில் போடுங்கள். இரும்புப் பெட்டிக்குள் போட்டால் சிக்னல் அடைபடும்.

ஆக, கைக்கு அடங்கும் எதுவும் ஸ்பாஞ்சில், மற்றது பலகையில். போன வியாழக்கிழமை டிராயரை இழுத்தால் 10 இருக்க வேண்டிய இடம் மஞ்சள். குரூப்பில் போட்டோ போட்டேன். பத்து நிமிஷத்தில் பதில் போட்டோ வந்தது: எம்ஆர்டி ரயிலில் நிற்கும் ஒருவரின் உள்ளங்கை, நடுவில் சாக்கெட். "சட்டைப் பையில் இருந்துச்சுண்ணே, நாளைக்குக் கொண்டாறேன்."