மனநலச் சிகிச்சை: விண்ணப்பத்திலேயே சொல்வதா, ஆஃபர் லெட்டர் வந்தபின் சொல்வதா?

பைபோலாருக்கு (மனநிலை அதீத உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) லித்தியம் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளும் ஒருவர் சென்னையில் ஒரு தனியார் ஐ.டி. வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் சொல்லலாம், இன்டர்வியூவில் சொல்லலாம், ஆஃபர் லெட்டர் வந்தபின் சொல்லலாம், சொல்லாமலே இருந்துவிடலாம். மூன்றாவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

விண்ணப்பத்திலேயே சொல்லவேண்டியது இடஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பவர்கள்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசுப் பணிகளில் 4% ஒதுக்கீடு உண்டு. அதில் 1%-ஐ மனநோய், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய பிரிவினர் பகிர்ந்துகொள்ள வேண்டும். குறைந்தது 40% பாதிப்புக்கான சான்றிதழும் தேவை. அதைக் கணக்கிடும் ஐடியாஸ் அளவுகோல் தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கையும் நோயின் காலத்தையும் பார்க்கிறது. மருந்தில் நிலைத்து, ஒழுங்காக வேலை செய்பவருக்கு 40% எட்டாமல் போகலாம்.

இன்டர்வியூவில் சொன்னால் அரைமணி நேரப் பேச்சு முழுக்க நோயைச் சுற்றியே போய்விடும். ரெஸ்யூமில் உள்ள இடைவெளியைக் கேட்டால், "உடல்நலக் காரணம், இப்போது முழுநேர வேலைக்குத் தயார்" என்பது போதும். "முழுசா குணமாகிவிட்டது" என்று மட்டும் சொல்லவேண்டாம். மருந்து தொடரும்போது அது பொய்.

ஆஃபருக்கு முன்பா, பின்பா என்பதை முடிவுசெய்வது ஒரே விஷயம்: கையில் இருக்கும் காகிதம். வேலைவாய்ப்பில் பாகுபாடு கூடாது என்னும், அதே 2016 சட்டத்தின் 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. தனியார் நிறுவனத்துக்கு 21-ஆம் பிரிவின்படி சமவாய்ப்புக் கொள்கை ஒன்று இருக்கவேண்டும். ஆஃபருக்கு முன்பே சொல்லி நிராகரிக்கப்பட்டால், "உங்களைவிடப் பொருத்தமானவர் கிடைத்துவிட்டார்" என்று ஒரு வரி மெயில் வரும். உண்மைக் காரணம் என்ன என்று நிரூபிக்க வழியே இல்லை. பதவி, சம்பளம், சேரும் தேதி மூன்றும் எழுத்தில் வந்தபின் சொன்னால் நிலைமை வேறு. நிறுவனம் ஏற்கனவே உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பின்வாங்கினாலும், நீங்கள் மெயில் அனுப்பிய தேதியும் அவர்கள் ஆஃபரைத் திரும்பப் பெற்ற தேதியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

மெயிலில் நோயின் பெயர் வேண்டாம், தேவையை எழுதுங்கள்: "மருத்துவக் காரணத்தால் சுழற்சி நைட் ஷிஃப்ட் இயலாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலையில் ரத்தப் பரிசோதனை உண்டு, அன்று பதினொரு மணிக்கு வருவேன்." தூக்கம் கெடுவது பைபோலாரை கிளறிவிடும், அதனால் முதல் வரி. லித்தியம் அளவைக் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்துப் பார்க்கவேண்டும், அதனால் இரண்டாவது. இரவு ஒன்பதுக்கு மாத்திரை என்றால் காலை ஒன்பதுக்கு ரத்தம் எடுக்கவேண்டும். டாக்டர் கடிதம் இணைப்பதாக இருந்தால் லெட்டர்ஹெட்டைப் பாருங்கள். "மனநல மருத்துவர்" என்று அச்சிட்டிருந்தால் நோயின் பெயரை விட்டும் பயனில்லை. குடும்ப டாக்டரிடமோ, பொது மருத்துவமனையின் தாளிலோ வாங்கலாம். வேலையே நைட் ஷிஃப்ட்தானா என்பதை இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள். யாரும் கேட்கும் கேள்விதானே அது. சின்ன நிறுவனங்கள் இதையெல்லாம் எவ்வளவு மதிக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

எந்தச் சலுகையும் தேவைப்படாதவர் சொல்லாமலே இருக்கலாம். சிகிச்சை விவரத்தின் ரகசியத்தை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் மௌனம் வேறு, பொய் வேறு. ஜாயினிங் ஃபார்மில் "தற்போது வேலையைப் பாதிக்கும் நோய் உண்டா" என்ற கேள்வியும் "எப்போதாவது மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா" என்ற கேள்வியும் ஒன்றல்ல. இரண்டாவதுக்கு "இல்லை" என்று டிக் செய்து பிறகு தெரியவந்தால், தவறான தகவல் தந்ததாகவே நடவடிக்கை வரும். நோய்க்கான பாதுகாப்பு அங்கே உதவாது. விமானி, லோகோ பைலட், சீருடைப் பணிகளுக்கு நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. மெடிக்கலில் கேட்பதற்கு உள்ளது உள்ளபடியே பதில் சொல்லவேண்டும்.

மெயிலுக்கு எச்.ஆர். போனில் "பாத்துக்கலாம், வாங்க" என்றால் அதோடு விடாதீர்கள். "இன்று பேசியபடி நைட் ஷிஃப்ட் இல்லை என்பதை உறுதிசெய்யவும்" என்று அன்றைக்கே சொந்த மெயிலிலிருந்து எழுதுங்கள். ஆறு மாதத்தில் மேனேஜர் மாறி, புது ரோஸ்டரில் உங்கள் பெயர் இரவு பத்து மணிக்கு வந்து நிற்கும்போது காட்ட அந்த மெயில்தான் இருக்கும்.