ரங்கிட்டோட்டோ, டிரிட்டிரி மாட்டாங்கி, காப்பிட்டி: ஒரு பகலுக்கு எந்தத் தீவு?

நியூசிலாந்துப் பறவைகள் நான்கு கால் எதிரிகளை அறியாமலே வளர்ந்தவை. எலியும் பூனையும் கீரி போன்ற ஸ்டோட்டும் மனிதரோடு கப்பலேறி வந்த பிறகு, பல இனங்கள் பெருநிலத்திலிருந்து துடைத்தெறியப்பட்டன. மிஞ்சியவற்றைக் காண, இந்த விலங்குகள் ஒழிக்கப்பட்ட தீவுக்குப் படகேறுவதே எளிய வழி. ஆனால் எந்தத் தீவுக்கு? ஆக்லாந்துக்கு அருகில் இரண்டு, வெலிங்டனுக்கு வடக்கே ஒன்று என மூன்று பெயர்கள்தான் பெரும்பாலும் போட்டிக்கு வருகின்றன.

கையில் அரை நாள்தான் இருக்கிறது என்றால் ரங்கிட்டோட்டோ. நகரத்திலிருந்து படகில் சுமார் 25 நிமிடம். ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து எழுந்த எரிமலை இது. உச்சி 259 மீட்டர், ஏற ஒரு மணி நேரம் போதும். கறுத்த எரிமலைக் கல்லின் மேல் பொஹுத்துகாவா மரங்கள் எப்படித்தான் வேர் பிடித்தனவோ! எரிமலைக் குழம்பு விட்டுச்சென்ற குகைகளில் நுழைய டார்ச் வேண்டும். பாலம் போன்ற சாலையால் இணைந்திருக்கும் மோட்டுட்டாப்புத் தீவையும் சேர்த்து 2011-ல் இது அந்த வந்தேறி விலங்குகள் அற்றதாக அறிவிக்கப்பட்டது. இருந்தும் பறவைக்காக இங்கே போகாதீர்கள். மண்ணும் ஓடும் நீரும் இல்லாத கல்பரப்பு இது. வெயில் நாளில் அந்தக் கல் அடுப்பாகிவிடும். தண்ணீரை நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

டிரிட்டிரி மாட்டாங்கி இதற்கு நேர் எதிர். ஆக்லாந்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் படகுப் பயணம். தீவோ வெறும் 220 ஹெக்டேர். மேய்ச்சல் நிலமாக மொட்டையடிக்கப்பட்டிருந்த இடம். 1984 முதல் பத்தாண்டுகளில் தன்னார்வலர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை நட்டார்கள்; 1993-ல் எலிகளும் ஒழிந்தன. இன்று வாட்டில் பாதையில் பத்து நிமிடம் அசையாமல் நின்றால் போதும், ஹிஹி, டீயேக்கே என்னும் அரிய பறவைகள் தலைக்கு மேலேயே சண்டை போடும். கோகாகோ பறவையின் குழலோசை காட்டின் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று தேடுவதே ஒரு சுகம். அழிந்துபோனதாகக் கருதப்பட்டு 1948-ல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட தகாஹே, கலங்கரை விளக்கத்தருகே நீலக் கோழிபோலப் புல் மேய்வதைப் பார்க்கலாம். முதல் முறை போகிறவர்கள் தன்னார்வ வழிகாட்டியுடன் நடக்கும் சீட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இலைக்குள் இருப்பதைக் காட்ட ஆள் வேண்டும். திரும்பும் வழிக்குக் கவேராவ் பாதையை நான் சொல்வேன். நட்ட மரங்களுக்கிடையே எஞ்சிய பழங்காடு அங்கேதான் இருக்கிறது. குறை என்றால், கால் வலிக்க ஏற ஒரு மலை இல்லை. உணவும் கிடைக்காது, கட்டுச்சோறு கட்டாயம்.

மலையும் வேண்டும், பறவையும் வேண்டும் என்பவருக்குக் காப்பிட்டி. 1897-லேயே காப்பகமானது, டிரிட்டிரியைப்போல் எட்டு மடங்குக்கும் மேல் பெரியது. உச்சி 521 மீட்டர். செங்குத்தான டிரிக் பாதையைவிட, சற்றே சாய்வான வில்கின்சன் பாதை முட்டிக்கு நல்லது. காக்கா என்னும் காட்டுக்கிளியும் வெகா என்னும் பறக்காத பறவையும் அங்கே திருட்டில் தேர்ந்தவை. உணவுப் பையின் ஜிப்பைத் திறந்து வைத்துவிட்டுக் காட்சியை ரசிக்காதீர்கள். நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு, அனுமதியோடுதான் போக வேண்டும். பராபராவுமு கடற்கரையிலிருந்து படகு புறப்படுவதும் காற்றின் தயவில்தான். விமானத்தைப் பிடிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாளில் இதை வைத்துக்கொண்டால், காற்று கெடுத்தால் மாற்று நாள் கிடைக்காது.

ஒரே ஒரு பகல்தான் என்றால் என் சீட்டு டிரிட்டிரிக்கு. உயரம் கணக்கிலேயே வராது. இங்கே நடப்பதைவிட நிற்பதுதான் வேலை.

மூன்றுக்கும் பொதுவானது பைச் சோதனை. வாய் திறந்த பைகளும் பெட்டிகளும் வேண்டாம். ஷூ அடியில் ஒட்டிய விதையையும் மண்ணையும் தட்டிவிட்டு, பைக்குள் எறும்போ எலியோ பதுங்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிகையான கெடுபிடி என்று தோன்றலாம். 2010-ன் இறுதியில் காப்பிட்டியில் ஸ்டோட் ஒன்று கண்ணில் பட்டபோது, அதைத் தேடிய வேட்டை அடுத்த ஆண்டு வரை நீண்டது.